பின் அச்சின் பல்லை மாற்றினால் கார் பறக்குமா?

"சார், டிஃப் மாத்திட்டா காடி பறக்குமாமே, உண்மையா?"

சென்ற மாதம் பட்டறை வகுப்பு முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் கேட்டான். சொந்தமாகப் பழைய கொரோலா வைத்திருக்கிறான். பகுதி நேர வேலை பார்த்து 2,000 வெள்ளி சேர்த்துவிட்டானாம். பின் அச்சின் கியர் விகிதத்தை 4.3-இலிருந்து 4.8-க்கு மாற்றினால் இன்ஜினைத் தொடாமலேயே வேகம் கூடும் என்று நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனைப் பார்த்து அல்ல. 2006-ஆம் ஆண்டு, என் இருபதாவது வயதில், இதே கேள்வியை நானும் கேட்டேன். பதிலுக்கு நான் கொடுத்த விலையும் ஏறக்குறைய அதே 2,000 வெள்ளிதான். அது கைத்தொழில் கல்லூரியில் முதல் பருவக் கட்டணத்துக்காகச் சேர்த்து வைத்திருந்த பணம்.

அவனுக்கு அன்று சொன்னதையே இங்கே எழுதுகிறேன். கார் ஆசை உள்ள பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டால் போதும்.

கையில் டிஎக்ஸ், மனத்தில் ஏஇ86

'இனிஷியல் டி' திரைப்படம் 2005-இல் வெளிவந்தது. அதற்குப் பிறகு எங்கள் வட்டாரத்தில் எல்லாருக்கும் டொயோட்டா ஏஇ86 மீது பைத்தியம். வாங்க வசதி இல்லாதவர்கள் அதன் ஏழை உறவினரான கொரோலா டிஎக்ஸை, அதாவது கேஇ70-ஐ வாங்கினோம். அதுவும் பின்சக்கரங்கள் தள்ளும் கார்தான். நான் ஒரு பட்டறையில் எடுபிடியாக இருந்த காலம் அது. சுங்கை சிப்புட்டில் ஒரு பெரியவரிடமிருந்து அந்தக் காரை வாங்கி, ஏஇ86-இன் 4ஏ-ஜிஇ இன்ஜினையும் டி50 கியர்பாக்ஸையும் பின் அச்சையும் பொருத்தினேன். புஸ்பாகோம் சோதனை, சாலைப் போக்குவரத்து இலாகாவில் இன்ஜின் எண் மாற்றம் எல்லாம் முடிக்கவே ஆறு மாதம் ஆயிற்று.

கார் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் நண்பர்கள் விடவில்லை. "பின்னால 4.3 தானே இருக்கு? 4.8 போட்டுப் பாரு. முதுகு சீட்டுல ஒட்டிக்கும்" என்றார்கள். பழைய உதிரிபாகக் கடையில் ஜப்பானிலிருந்து வந்த ஒரு ஜோடி கிடைத்தது. நான் வாங்கிவிட்டேன். கல்லூரிக் கட்டணத்தை அடுத்த பருவத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த 4.3 என்பது என்ன?

காரின் அடியில் நீளமாக ஒரு தண்டு பின்னால் போகும். அதன் முனையில் உள்ள சிறிய பல்சக்கரத்தின் பெயர் பினியன். அது கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சுழற்சிதான் இரு பக்கச் சக்கரங்களுக்கும் போகிறது. இவை இருக்கும் உருண்டையான இரும்புக் கூட்டைத்தான் பட்டறையில் டிஃப் என்கிறோம்.

என் பழைய ஜோடியில் கிரவுன் வீலுக்கு 43 பற்கள், பினியனுக்கு 10 பற்கள். 43-ஐ 10-ஆல் வகுத்தால் 4.3. அதாவது தண்டு 4.3 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். புதிய ஜோடியில் 39 பற்களும் 8 பற்களும். வகுத்தால் 4.875. கடைப் பேச்சில் அதுதான் 4.8.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 13 விழுக்காடு. ஒரே கியரில், இன்ஜின் ஒரே முறுக்கு விசையைக் கொடுக்கும்போது, சக்கரத்துக்குப் போகும் விசை 13 விழுக்காடு கூடுகிறது. இது உண்மை. நண்பர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதியைத்தான் சொன்னார்கள். ஒவ்வொரு கியரிலும் கார் எட்டக்கூடிய வேகம் அதே அளவுக்குக் குறைகிறது என்பது மறு பாதி.

மீட்டர் காட்டிய மகிழ்ச்சி

புதிய ஜோடியைப் போட்ட அன்று மாலை காரை எடுத்தேன். நெஞ்சு படபடத்தது. மீட்டர் முள் துள்ளிக்கொண்டு ஏறியது. 60, 80, 100 என்று முன்னெப்போதும் இல்லாத விரைவு. பெட்ரோலும் கூடுதலாகச் செலவானதாகத் தெரியவில்லை. ஒரு டாங்க் எண்ணெய்க்கு மீட்டரில் 400 கிலோமீட்டர் வந்தது, முன்பு போலவே. நண்பர்களுக்கெல்லாம் போன் அடித்துச் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவை ஏற்றிக்கொண்டு கோப்பெங் பக்கம் ஒரு திருமணத்துக்குப் போனேன். அப்பா முப்பது ஆண்டுகள் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். அதிகம் பேசமாட்டார். நெடுஞ்சாலையில் மீட்டர் 110 காட்டியது. ஆனால் பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. ஒரு விரைவுப் பேருந்தும் தாண்டியது.

"என்னாடா, பஸ்ஸெல்லாம் 120-ல போறான்?" என்றார் அப்பா.

"போவான்ப்பா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாலையோரத்தில் கிலோமீட்டர் பலகை ஒன்று வந்தபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த பலகை வந்ததும் மறுபடியும் பார்த்தார். "ஒரு கிலோமீட்டருக்கு 37 செகண்ட் ஆவுது. நூத்திப் பத்துல போனா 33 செகண்டுக்குள்ள முடிஞ்சிருக்கணும். உன் மீட்டர் தப்பு."

3,600-ஐ 37-ஆல் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 97 கிலோமீட்டர்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் காரில் மீட்டரை ஓட்டுவது கியர்பாக்ஸின் பின்முனை. சக்கரம் எவ்வளவு சுற்றுகிறது என்பது அதற்குத் தெரியாது. தண்டு சுற்றுவதைத்தான் அது எண்ணும். 4.3 இருக்கும்போது எண்ணிய அதே கணக்கை 4.875-க்கும் எண்ணியது. எனவே உண்மை வேகம் 88 ஆக இருக்கும்போதே மீட்டர் 100 என்று காட்டியது. நான் துள்ளிக் குதித்தது 88 கிலோமீட்டர் வேகத்துக்கு.

எண்ணெய்ச் செலவும் அதே கதைதான். மீட்டர் காட்டிய 400 கிலோமீட்டரில் நான் உண்மையில் ஓடியது 353 கிலோமீட்டர். மீதி 47 கிலோமீட்டரை மீட்டர் மட்டும்தான் ஓடியது.

திருமண வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. திரும்பி வரும்போது அப்பா கேட்டார்: "போடறதுக்கு முன்னால கணக்குப் போட்டுப் பாத்தியா?" போடவில்லை. எஸ்பிஎம் கணிதத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் வகுத்தலும் பெருக்கலும் காருக்கும் உதவும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஐந்து நிமிடக் கணக்கு

அன்று இரவு சமையலறை மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதை நீங்களும் போடலாம்.

வேண்டியவை நான்கு எண்கள்: இன்ஜினின் உச்ச சுற்று, கியர்பாக்ஸின் ஒவ்வொரு கியரின் விகிதம், பின் அச்சின் விகிதம், டயரின் சுற்றளவு. என் இன்ஜினை நான் நிமிடத்துக்கு 7,500 சுற்றுக்கு மேல் விடுவதில்லை. டி50 கியர்பாக்ஸின் விகிதங்கள் 3.587, 2.022, 1.384, 1.000, 0.861. 185/60 ஆர்14 டயரின் சுற்றளவு சுமார் 1.8 மீட்டர்.

இரண்டாம் கியரை எடுத்துக்கொள்வோம். 2.022-ஐ 4.3-ஆல் பெருக்கினால் 8.69. இன்ஜின் 8.69 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். 7,500-ஐ 8.69-ஆல் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 863 முறை சுற்றுகிறது. அதை 1.8 மீட்டரால் பெருக்கி, மணிக்கு மாற்றினால் 93 கிலோமீட்டர். இதுவே 4.875 ஆனால் 82 கிலோமீட்டர்.

எல்லாக் கியருக்கும் போட்டபோது கிடைத்தது இது. பழைய விகிதத்தில் முதல் கியர் 52 வரை, இரண்டாவது 93 வரை, மூன்றாவது 136 வரை. புதிய விகிதத்தில் முதல் கியர் 46 வரை, இரண்டாவது 82 வரை, மூன்றாவது 120 வரை.

இந்த எண்களை அருகருகே எழுதிப் பார்த்தால் ஒன்று புலப்படும். 82-க்கும் 93-க்கும் இடையில் என்ன நடக்கிறது? பழைய விகிதத்தில் கார் இன்னும் இரண்டாம் கியரில் இழுத்துக்கொண்டிருக்கும். புதிய விகிதத்தில் நான் ஏற்கெனவே மூன்றாம் கியருக்குப் போயிருப்பேன். இரண்டாம் கியரில் இன்ஜினின் விசை 8.69 மடங்காகிச் சக்கரத்துக்குப் போகிறது. மூன்றாம் கியரில் 1.384-ஐ 4.875-ஆல் பெருக்கினால் 6.75 மடங்குதான். அதாவது அந்த இடைவெளியில் 'வேகம் கூட்டிய' கார் பழைய காரைவிட மெதுவாக இழுக்கிறது. 46-க்கும் 52-க்கும் இடையிலும், 120-க்கும் 136-க்கும் இடையிலும் இதே நிலைதான்.

மற்ற வேகங்களில் ஆதாயம், இந்த மூன்று இடைவெளிகளில் நட்டம். இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் கையில் நிற்பது மிகச் சொற்பம்.

இதற்குக் காரணம் எளிமையானது. கியர் என்பது திறனை உண்டாக்கும் கருவி அல்ல. இன்ஜினின் திறன் முறுக்கு விசையும் சுழலும் வேகமும் சேர்ந்தது. கியர் ஒன்றைக் கூட்டும்போது மற்றொன்றைக் குறைக்கிறது. பெருக்கிப் பார்த்தால் அதே திறன், உராய்வில் போனது போக. என் இன்ஜின் உச்சத் திறனைக் கொடுப்பது 6,600 சுற்று வாக்கில். எந்த டிஃப் போட்டாலும் அந்தத் திறன் ஒரு குதிரைகூட ஏறாது. எந்தச் சாலை வேகத்தில் அந்த 6,600 சுற்று வந்து அமைகிறது என்பதைத்தான் நான் காசு கொடுத்து நகர்த்தியிருந்தேன்.

கடிகாரம் என்ன சொன்னது?

கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும் என்று, முறையாக அனுமதி பெற்று நடத்தப்பட்ட ஒரு நேர்கோட்டு ஓட்ட நாளுக்குப் போனேன். பொதுச் சாலையில் சோதித்துப் பார்க்க வேண்டாம் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பழைய விகிதத்தில் அதே திடலில் ஓடிய நேரம் என்னிடம் குறிப்பாக இருந்தது. 400 மீட்டருக்கு மூன்று ஓட்டங்களின் சராசரி 17.2 வினாடி.

புதிய விகிதத்தில் மூன்று ஓட்டங்களின் சராசரி 17.1 வினாடி.

ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு. நான் கிளச்சை விடும் கால் கொஞ்சம் முந்தினாலோ பிந்தினாலோ அதைவிட அதிக வித்தியாசம் வரும். முன்பு 400 மீட்டரை முடிக்க இரண்டு முறை கியர் மாற்றினேன். இப்போது 120-லேயே மூன்றாம் கியர் முடிந்துவிட்டதால், கோடு வருவதற்குள் மூன்றாவது முறையும் மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் இன்ஜின் சக்கரத்தைத் தள்ளாமல் ஒரு கணம் சும்மா இருக்கும். கிடைத்த ஆதாயத்தில் ஒரு பகுதி அங்கேயே போயிற்று.

புறப்படும்போது போன ஆதாயம் இன்னொன்று. முதல் கியரில் பழைய விகிதத்திலேயே என் பின்சக்கரங்கள் சாலையைத் தள்ளிய விசை ஏறக்குறைய 6,000 நியூட்டன். கார் ஓட்டுநரோடு சேர்த்து 1,000 கிலோ. பின்சக்கரங்களின் மேல் விழும் எடையை வைத்துப் பார்த்தால், சாதாரண டயரின் பிடிமானம் 5,000 நியூட்டனைக்கூடத் தொடாது. ஏற்கெனவே பிடிமானத்தை மிஞ்சிய விசையை இன்னும் கூட்டினால் டயர் வெறுமனே தேயும். புகை வரும், சத்தம் வரும், கார் நகராது. பார்ப்பவர்களுக்கு அது வேகம் போலத் தெரியும்.

மூன்றாவது இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. விகிதம் கூடும்போது காரின் வேகம் சிறிது ஏறுவதற்கே இன்ஜின் தன் சொந்தப் பாகங்களை மிக விரைவாகச் சுழற்ற வேண்டியிருக்கிறது. ஃபிளைவீல் போன்ற கனமான உறுப்புகளைச் சுழற்றவே திறனில் ஒரு பங்கு செலவாகும். இந்தச் சுமை விகிதத்தின் இருபடியாக ஏறும். விகிதம் 13 விழுக்காடு கூடினால் இந்தச் சுமை சுமார் 28 விழுக்காடு கூடும். முதல் கியரில் இதை நன்றாக உணரலாம்.

நெடுஞ்சாலையில் கட்டிய வட்டி

ஆதாயம் சொற்பம். அதற்கு நான் கொடுத்த விலை நாள்தோறும் தொடர்ந்தது.

ஐந்தாம் கியரில் உண்மையான 110 கிலோமீட்டரில் போக, பழைய விகிதத்தில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,770 சுற்று சுற்றும். புதிய விகிதத்தில் 4,275. ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் என்று வையுங்கள். ஒரு வழிப் பயணத்தில் என் இன்ஜின் 55,000 சுற்று கூடுதலாகச் சுற்றியது. அதற்கேற்ற எண்ணெய், அதற்கேற்ற தேய்மானம், காதைத் துளைக்கும் இரைச்சல். அம்மா இரண்டு முறை ஏறிவிட்டு, "நான் பஸ்லயே போறேன்ப்பா" என்று சொல்லிவிட்டார்.

இதற்கிடையே 80 கிலோமீட்டர் வேகத்தில் பின்னாலிருந்து ஓர் ஊளைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. கிரவுன் வீலும் பினியனும் ஒன்றோடொன்று உரசிப் பழகிய ஜோடி. அவற்றைப் புதிதாகப் பொருத்தும்போது பற்களுக்கு இடையே விடும் தளர்வு மிக நுண்ணியதாக இருக்க வேண்டும். இந்த வகை டிஃபுக்கு 0.13 முதல் 0.18 மில்லிமீட்டர் வரைதான். பல்லின் மேல் வண்ணப் பசை பூசிச் சுழற்றி, பற்கள் நடுவில் சரியாகத் தொடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். எனக்குப் பொருத்திக் கொடுத்த பட்டறையில் இது எதையும் செய்யவில்லை. கையால் ஆட்டிப் பார்த்து, "ஓகே தம்பி" என்றார்கள். அருகில் நின்றிருந்த எனக்கும் கேட்கத் தெரியவில்லை. நான்காம் மாதம் பினியனில் இரண்டு பல் உடைந்தது. சாலையோரத்தில் இழுவை லோரிக்குக் காத்திருந்த அந்த இரவில்தான், கல்லூரியில் சேர்ந்திருந்தால் முதல் பருவம் இந்நேரம் முடிந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன்.

பழைய 4.3-ஐயே திரும்பப் போட்டேன். இந்த முறை தளர்வை அளக்கும் கருவியை இரவல் வாங்கி, நானே அளந்து, ஜிஎல்-5 ரக எண்ணெய் ஊற்றி மூடினேன். ஊளை இல்லை.

அப்படியென்றால் மாற்றவே கூடாதா?

அப்படியும் இல்லை. என் அப்பா இதை என்னைவிட நன்றாக அறிந்திருந்தார். அவர் ஓட்டிய பெட்ஃபோர்டு லோரியின் பின் அச்சில் இரண்டு விகிதங்கள் இருந்தன. கியர் குச்சியில் உள்ள ஒரு சிறு பொத்தானைத் தட்டினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும். "குலை ஏத்திக்கிட்டு மேட்டுல ஏறணும்னா கீழ் விகிதம். ஆலையில எறக்கிட்டு வெறும் லோரியா வர்றப்ப மேல் விகிதம். ரெண்டும் ஒரே சமயத்துல கெடைக்காது. கியர் எதையும் சும்மா குடுக்காதுடா" என்றார். இத்தனை நாளும் அவரிடம் நான் கேட்டதே இல்லை. லோரிக்காரருக்குப் பந்தயக் கார் பற்றி என்ன தெரியும் என்ற நினைப்பு.

விகிதத்தை மாற்றுவது உண்மையிலேயே பயன்தரும் இடங்கள் உண்டு.

முதலாவது, பெரிய டயர் போட்ட பிக்கப். 265/65 ஆர்17 டயரை எடுத்துவிட்டு 285/70 ஆர்17 போட்டால் சுற்றளவு 7 விழுக்காடு கூடும். அச்சின் விகிதத்தை 7 விழுக்காடு குறைத்ததற்கு அது சமம். வண்டி மந்தமாகும். கியர்பாக்ஸிலிருந்து ஓடும் மீட்டராக இருந்தால் வேகத்தைக் குறைத்தும் காட்டும். மீட்டர் 110 என்னும்போது நீங்கள் 118-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். 4.1 இருந்த இடத்தில் 4.39-க்கு நெருங்கிய ஒன்றைப் போட்டால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். இங்கே நாம் புதிதாக எதையும் பெறவில்லை, இழந்ததை மீட்கிறோம். நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டி என்றால் முன் அச்சையும் பின் அச்சையும் ஒரே விகிதத்துக்கு மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டும் ஒன்றையொன்று முறுக்கி உடைக்கும். டயர் அளவை மாற்றுவதற்கு முன் சாலைப் போக்குவரத்து இலாகாவின் விதிகளையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சுமையும் மேடும். சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும்போது என் கார் இரண்டாம் கியரில் 50 கிலோமீட்டரில் 4,025 சுற்றில் இருக்கும். புதிய விகிதத்தில் அது 4,560. வளைவை விட்டு வெளியே வரும்போது இன்ஜின் நன்றாக இழுக்கும் இடத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. அந்த மலையில் மட்டும் என் கார் உண்மையிலேயே சுறுசுறுப்பாக ஏறியது. ஆனால் நான் கேமரன் மலைக்குப் போனது ஆண்டுக்கு இரண்டு முறை. நெடுஞ்சாலையில் போனது வாரத்துக்கு இரண்டு முறை.

மூன்றாவது, பந்தயத் திடல். ஒரு குறிப்பிட்ட திடலின் மிக நீண்ட நேர்பாதையில் கடைசிக் கியரின் உச்சத்தைத் தொடவே முடியவில்லை என்றால், அந்தக் கியர் வீணாகிறது என்று பொருள். பந்தயக் குழுக்கள் திடலுக்குத் திடல் விகிதத்தை மாற்றுவது இதனால்தான். அவர்கள் முதலில் கணக்குப் போடுகிறார்கள், பிறகுதான் ஸ்பேனரை எடுக்கிறார்கள்.

ஸ்பேனரை எடுக்கும் முன்

உங்களிடம் இருப்பது மைவியோ சாகாவோ என்றால் இந்தக் கேள்வியே எழாது. அவை முன்சக்கரங்கள் இழுக்கும் கார்கள். இறுதி விகிதம் கியர்பாக்ஸுக்குள்ளேயே அடங்கியிருக்கும். பின்னால் வெறும் சக்கரங்கள்தான். "பின் டிஃப் மாத்தித் தர்றேன்" என்று யாராவது சொன்னால் காரோடு திரும்பி வந்துவிடுங்கள்.

பின்சக்கரம் தள்ளும் பழைய கார் இருந்தால், அதன் எண்களைக் கையேட்டிலிருந்தோ பற்களை எண்ணியோ எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கியரிலும் உச்ச வேகம் என்ன என்று இரு விகிதங்களுக்கும் கணக்கிடுங்கள். நீங்கள் வாரத்தில் எந்த வேகத்தில் அதிக நேரம் ஓட்டுகிறீர்கள் என்று பாருங்கள். அந்த வேகத்தில் புதிய விகிதம் என்ன கொடுக்கிறது, என்ன எடுக்கிறது என்று எழுதுங்கள். மாற்றியே தீருவது என்று முடிவெடுத்தால் மீட்டரைச் சரிசெய்யவும் பணம் ஒதுக்குங்கள். மீட்டர் தவறினால் வேக வரம்பும் தவறும், எண்ணெய்க் கணக்கும் தவறும், சர்வீஸ் செய்ய வேண்டிய கிலோமீட்டரும் தவறும். வேகம் கூடியதா என்று பார்க்க மீட்டர் முள்ளை நம்பாதீர்கள். தூரமும் கடிகாரமும்தான் சாட்சி.

என் மாணவன் அன்று மாலையே கணக்குப் போட்டான். தவறு இருக்குமோ என்று இரண்டாம் முறையும் போட்டான். பிறகு, "சார், நான் வேலைக்குப் போறது நெடுஞ்சாலையிலதான். 4.3-யே சரி போல" என்றான். முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. பழைய கார் ஆசைப்பட்டு வாங்கியவனுக்கு அந்த ஏமாற்றம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவனுடைய டயரைப் பார்த்தேன். தேய்ந்து வழவழவென்று இருந்தது. பிரேக் எண்ணெய் கறுத்துப்போய்க் கிடந்தது. "முதல்ல இந்த ரெண்டையும் மாத்து. காடி நிக்கிறதும் பிடிக்கிறதும் ஒழுங்கா இருந்தாத்தான் வேகத்தைப் பத்திப் பேசலாம்" என்றேன். மீதிப் பணம் அடுத்த நிலைத் திறன் சான்றிதழ் வகுப்புக்கு என்று அவனே சொன்னான்.

நான் கல்லூரியில் சேர்ந்தது ஒரு பருவம் தாமதமாகத்தான். முதல் நாள் ஆசிரியர் கரும்பலகையில் கியர் விகிதத்தின் சூத்திரத்தை எழுதிவிட்டு, "யாருக்காவது இது தெரியுமா?" என்று கேட்டார். வகுப்பில் நான் மட்டும்தான் கை தூக்கினேன். அப்பாவிடம் அன்று இரவு சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "ரெண்டாயிரம் வெள்ளிக்குப் படிச்சதுல்ல, மறக்காது" என்றார்.